எலெக்ட்ரிக் பிரஷ்: கை பழையபடியே தேய்த்தால் என்ன ஆகும்?

சாதா பிரஷ்ஷிலிருந்து எலெக்ட்ரிக் பிரஷ்ஷுக்கு மாறுகிறவர்களின் முதல் மாதத்தைப் பார்த்தால் ஒன்று புரியும்: பிரஷ் புதிது, கைப்பழக்கம் பழையது. நாங்களும் அதே தவறுகளைச் செய்து திருந்தியவர்கள்தான். இரண்டு வேளை துலக்குங்கள், சார்ஜ் போட மறக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறோம்.

எலெக்ட்ரிக் பிரஷ்ஷால் ஆதாயம் உண்டா என்றால், உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 56 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு, சாதா பிரஷ்ஷோடு ஒப்பிட்டால், பல்லில் படியும் பிளேக் என்ற கிருமிப் படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்திருந்தன. இது சராசரிக் கணக்கு. பிரஷ்ஷைப் பிடிக்கும் விதம் தவறினால் இந்த ஆதாயம் கைக்கு வராது. சிலருக்கு நஷ்டமாகவே முடிகிறது.

அழுத்தித் தேய்ப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தவறு இது. மற்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம். இதனால் போன ஈறு தானாக வளர்ந்து வராது.

சாதா பிரஷ்ஷில் அசைவு முழுவதும் கையிலிருந்து வர வேண்டும். எலெக்ட்ரிக் பிரஷ்ஷில் அந்த வேலை மோட்டாருடையது. வட்டத் தலை கொண்ட பிரஷ் ஒரு பக்கம் கொஞ்சம் சுழன்று, உடனே எதிர்ப்பக்கம் திரும்பும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நடக்கும். சோனிக் வகையில் நீளத் தலை பக்கவாட்டில் அதிரும். நிமிடத்துக்கு 31,000 வீச்சு என்பது அந்த வகையில் வழக்கமான அளவு. இதற்கு மேல் கையும் சேர்ந்து முன்னும் பின்னும் இழுத்தால் என்ன ஆகும்? தலை பல்லின் மேட்டில் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடும். பிளேக் தங்கும் ஈறு ஓரத்தையும் இரண்டு பல் சேரும் இடுக்கையும் தாண்டிப் போய்விடும். இரண்டு நிமிடம் துலக்கியும் கடைவாய்ப் பல்லின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான்.

அழுத்தம் இன்னும் மோசம். பிளேக்கை எடுப்பது இழைகளின் நுனி. அழுத்தினால் இழை மடங்கி, நுனி வெளியே பார்த்து நிற்கும். பக்கவாட்டு உடம்பு பல்லில் உரசும். சோனிக் பிரஷ்ஷில் அதிர்வின் வீச்சும் அடங்கிவிடும். சுத்தம் குறைகிறது, தேய்மானம் கூடுகிறது. ஈறு மெல்லக் கீழே இறங்கி வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வேரில் எனாமல் என்ற கடினமான மேலுறை கிடையாது. மேலே மெல்லிய ஒரு படலம், அதற்குள் டென்டின் என்ற மென்மையான உட்பகுதி. அது சீக்கிரம் அரைபடும். கண்ணாடி முன் நின்று உதட்டை ஒதுக்கி, கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பல்லும் ஈறைத் தொடும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். வரிசையில் புடைத்து நிற்பவை என்பதால் அழுத்தம் முதலில் விழுவது அங்கேதான். நகம் ஒரு பள்ளத்தில் மாட்டினால், குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்றால், தேய்மானம் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம். பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பள்ளத்தை ஃபில்லிங் வைத்து அடைக்கலாம். ஈறை மேலே கொண்டுவர அறுவை சிகிச்சை தேவைப்படும்.

எவ்வளவு அழுத்தம் போதும்? 150 முதல் 200 கிராம் வரை. வீட்டில் சமையல் தராசு இருந்தால் அதன்மேல் சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரித்து, மோட்டாரைப் போடாமல், வழக்கமாகத் துலக்கும் அழுத்தத்தில் பிரஷ்ஷை அழுத்துங்கள். எண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு 150-இல் நிறுத்திப் பழகுங்கள். பலருக்கும் "இது பட்டும் படாமலும் இருக்கிறதே" என்று தோன்றும். அந்த அளவுதான் வேண்டும். கைப்பிடியை முஷ்டியில் இறுக்காமல் பேனாவைப் போல விரல் நுனியில் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

அழுத்தம் கூடினால் சிவப்பு விளக்கு எரியும் மாடல்கள் உண்டு. வேகத்தைக் குறைத்துக்கொள்பவையும் உண்டு. "பல்லில் வைத்தாலே மோட்டார் திணறுகிறது, வேறு மாற்றிக் கொடுங்கள்" என்று புதுப் பிரஷ்ஷைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். பிரஷ்ஷில் கோளாறு இல்லை. அது எச்சரித்திருக்கிறது.

சரியான முறை இதுதான். வட்டத் தலையை ஒரு பல்லின்மேல், பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி வையுங்கள். முன் மூலையிலிருந்து பின் மூலை வரை பல்லின் வளைவை ஒட்டி மெல்ல நகர்த்துங்கள். பிறகு அடுத்த பல். சோனிக் தலையானால் ஈறு ஓரத்தை நோக்கி 45 டிகிரி சாய்த்து, அதேபோல் நகர்த்துங்கள். ஞானப்பல் நீங்கலாக 28 பற்கள், 120 விநாடி. ஒரு பல்லுக்கு நாலு விநாடிதான் கிடைக்கிறது. வெளிப்பக்கம், உட்பக்கம், மேல்பரப்பு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 30 விநாடிக்கு ஒருமுறை பிரஷ் ஒரு கணம் விட்டு அதிர்வது, வாயின் அடுத்த கால்பகுதிக்கு நகரச் சொல்லும் சைகை. கீழ் முன்பற்களின் உட்பக்கத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள். நாக்கின் அடியில் எச்சில் சுரக்கும் இடம் பக்கத்தில் இருப்பதால் காரை (கெட்டிப்பட்ட பிளேக்) அதிகம் பிடிப்பது அங்கேதான்.

வாய்க்கு வெளியே சுவிட்சைப் போடுவது

பேஸ்ட் தெறிக்கும். பல்லில் வைத்த பிறகு போடுங்கள்.

ரத்தம் வந்ததும் நிறுத்திவிடுவது

முதல் சில நாள் ஈறில் ரத்தம் கசிந்தால் பயந்து பழைய பிரஷ்ஷுக்கே திரும்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஏற்கெனவே வீங்கியிருந்த ஈறு. பிளேக் தொடர்ந்து நீங்க நீங்க வீக்கம் வடியும், கசிவும் நிற்கும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் பல் மருத்துவரைப் பாருங்கள்.

ஃப்ளாஸ் (பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) இனி வேண்டாம் என்று நினைப்பது

எந்த மோட்டாரும் இரண்டு பல்லுக்கு நடுவே பிரஷ்ஷின் இழையை நுழைக்காது.

முடித்ததும் தண்ணீரால் கொப்பளிப்பது

துப்பினால் போதும். கொப்பளித்தால் பேஸ்ட்டில் உள்ள ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும்.

கரித்தூள், பல்பொடி

கையால் தேய்த்தாலே எனாமலை உரசும் பொடிகள் இவை. மோட்டாரோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக அரைக்கும். சாதாரண ஃப்ளோரைடு பேஸ்ட் பட்டாணி அளவு போதும்.

எல்லோரும் மாறித்தான் ஆக வேண்டும் என்று நம்புவது

சாதா பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, ஈறு ஓரத்தில் குட்டி அசைவுகளாகப் பொறுமையாகத் துலக்குகிறவர் மாற வேண்டிய அவசியமில்லை. மூட்டுவாதத்தால் விரல் மடக்க முடியாதவர்கள், பார்க்கின்சன் நோயுள்ளவர்கள், பல்லில் கம்பி போட்டவர்கள், பெரியவர்களுக்குத் துலக்கிவிடுகிறவர்கள்: இவர்களுக்குத்தான் நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம். தடித்த கைப்பிடி ஒன்றே விரல்வலி உள்ளவருக்குப் பெரிய உதவி.

தலையைக் கழற்றாமலே வைத்திருப்பது

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலையை மாற்ற வேண்டும். இழை அதற்கு முன்பே விரிந்துவிட்டால் அப்போதே மாற்றுங்கள், அழுத்தத்தையும் மறுபடி சோதியுங்கள். துலக்கி முடித்ததும் தலையைக் கழற்றி, உட்குழியையும் கைப்பிடியின் உலோகத் தண்டையும் தண்ணீரில் அலசி, தனித்தனியாகக் காயவிடுங்கள். பல நாள் கழற்றாமல் விட்டால் தண்டைச் சுற்றிக் கருப்பாக வழுவழுப்பான கசடு சேரும். ஈரத்தோடு மூடி போடவே போடாதீர்கள்.