சிஸ்கோ சுவிட்ச்சுட கொன்பிக்கையும் ஐஓஎஸ்ஸையும் பெக்கப் எடுக்கிறது எப்பிடி (புதுசா பழகிற ஆக்களுக்கு)

போன மழைக்கு முந்தின மழைக் காலம், கார்த்திகை மாசம், மட்டக்களப்பு டவுன்ல ஒரு ஒபிஸ்ல சுவிட்ச் ஒண்டுக்கு காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் இருந்து விலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள்ள தனித்தனி நெட்வேர்க்) பிரிச்சு, போர்ட் போர்ட்டா பெயர் போட்டு, எல்லாம் வேலை செய்யுது எண்டு பாத்து சந்தோசமா பிளேன்டீ குடிக்கப் போனன். வந்து பாத்தா கரண்ட் இல்ல. கரண்ட் வந்த பிறகு போர்ட்டெல்லாம் வெறுமனே நிக்கிது, அதில நான் செஞ்சது ஒண்டும் இல்ல. எனக்கு வேலை பழக்கின அக்கரைப்பற்று நானாவுக்கு கோல் எடுத்தா அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, ரைட் மெமரி அடிச்சயா?"

அது சேவ் பண்ற கமாண்ட், நான் அடிக்கல்ல. அதாலதான் இந்தப் போஸ்ட்.

ஒண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன்: கமாண்ட் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரி தமிழ் எழுத்தில எழுதியிருக்கன், நீங்க சுவிட்ச்சில இங்கிலீசிலதான் அடிக்கணும். நான் சொல்றது கேட்டலிஸ்ட் 2960 மாதிரி சுவிட்ச்சுக்கு, நம்மட பக்கத்து ஒபிஸ்கள்ல இன்னும் ஓடுறது கூட அதுதான்.

முதல்ல எது எங்க கிடக்கு எண்டு விளங்கிக்கங்க

நீங்க அடிக்கிற செட்டிங் எல்லாம் ரன்னிங் கொன்பிக், அது ரேம்ல கிடக்கும், கரண்ட் போனா போச்சு. ஸ்டார்ட்அப் கொன்பிக் சேவ் பண்ணினது, 2960ல பிளாஷ்ல கொன்பிக்.டெக்ஸ்ட் எண்ட பெயர்ல இருக்கும். ஐஓஎஸ் இமேஜ் எண்டது சுவிட்ச்ச ஓட வைக்கிற சொப்ட்வெயார், அதுவும் பிளாஷ்லதான். நாலாவது ஒண்டு இருக்கு, அதத்தான் எல்லாரும் மறக்கிறது: விலேன்.டேட். சுவிட்ச் விடிபி (விலேன் விபரத்த சுவிட்ச்சுகளுக்கு இடையில பரப்பிற முறை) சேர்வர் மோட்ல இருந்தா விலேன் நம்பரும் பெயரும் கொன்பிக் பைலுக்குள்ள இருக்காது, இந்தப் பைலுக்குள்ளதான் இருக்கும். கொன்பிக்க மட்டும் பெக்கப் எடுத்துப்போட்டு புது சுவிட்ச்சில போட்டா, போர்ட் எல்லாம் விலேன் 20ல நிக்கும், ஆனா விலேன் 20ஐ காணக் கிடைக்காது.

சேவ் பண்ணுங்க

நீல கொன்சோல் கேபிள குத்தி, லெப்டொப்ல புட்டி எண்ட சொப்ட்வெயார திறந்து சீரியல் எடுத்து 9600 ஸ்பீட் குடுங்க. எழுத்து ஒண்டும் வராட்டி என்டர ரெண்டு தரம் தட்டிப் பாருங்க, அப்பவும் இல்லாட்டி அனேகமா கொம் போர்ட் நம்பர் பிழை. எனேபிள் எண்டு அடிச்சு உள்ள போய்,

கொப்பி ரன்னிங்-கொன்பிக் ஸ்டார்ட்அப்-கொன்பிக்

பெயர் கேக்கும், என்டர் மட்டும் தட்டுங்க. ஓகே எண்டு வரணும். நானா சொன்ன ரைட் மெமரியும் இதேதான், சின்னன்.

லெப்டொப்புக்கு எடுங்க

லெப்டொப்ல டிஎப்டிபிடி64 மாதிரி ஒரு டிஎப்டிபி (நெட்வேர்க் வழியா பைல் அனுப்புற சின்ன முறை) சேர்வர் போட்டு, ஒரு போல்டர காட்டி விடுங்க. சுவிட்ச்சில இன்டர்பேஸ் விலேன் 1க்கு ஐபி ஒண்டு குடுத்து நோ ஷட்டவுன் அடிங்க, லெப்டொப்புக்கும் அதே நெட்வேர்க்ல ஒரு ஐபி, பிறகு பிங் பண்ணிப் பாருங்க. பிங் வந்தா,

கொப்பி ஸ்டார்ட்அப்-கொன்பிக் டிஎப்டிபி:
கொப்பி பிளாஷ்:விலேன்.டேட் டிஎப்டிபி:

லெப்டொப்புட ஐபிய கேக்கும், பைலுக்குப் பெயர் கேக்கும். ஆச்சரியக்குறி வரிசையா ஓடினா நல்லம், புள்ளி புள்ளியா வந்தா போகல்ல. பிங் வருது கொப்பி போகல்ல எண்டா பத்துக்கு ஒம்பது தரம் விண்டோஸ் பயர்வோல், யூடிபி 69 அடைச்சுக் கிடக்கும். பைலுக்குப் பெயர் வைக்கக்குள்ள இடத்தையும் திகதியையும் சேருங்க, "நியூ", "நியூ2" எண்டெல்லாம் வச்சா மூணு மாசத்தில உங்களுக்கே தெரியாது. வட்ஸ்அப்ல அனுப்பி வைக்காதீங்க, உள்ளுக்க பாஸ்வேர்ட் இருக்கு, டைப் 7 (சிஸ்கோட லேசான மறைப்பு) பாஸ்வேர்ட நெட்ல ஒரு நிமிசத்தில உடைச்சிருவானுகள்.

இமேஜ் மாத்திறது

ஷோ வேர்ஷன் அடிச்சு இப்ப ஓடுற இமேஜுட பெயர எழுதி வைங்க. அந்தப் பெயரே கதை சொல்லும்: சி2960 எண்டா சுவிட்ச் மொடல், லேன்பேஸ் எண்டா பீச்சர் செட், கே9 இருந்தா எஸ்எஸ்எச் (நெட்வேர்க் வழியா பாதுகாப்பா உள்ள போறது) வேலை செய்யும். வேற மொடலுட இமேஜ போட்டா பூட் ஆகாது.

அடுத்தது டிஐஆர் பிளாஷ்: அடிச்சு கடைசி வரியில எவ்வளவு இடம் மிச்சம் எண்டு பாருங்க. இடம் காணாட்டி பழைய இமேஜ அழிக்கத்தான் கை போகும். பொறுங்க. முதல்ல அத லெப்டொப்புக்கு கொப்பி எடுங்க, பிறகு யோசிங்க. புது இமேஜ அதே டிஎப்டிபி வழியா பிளாஷ்க்கு ஏத்தினதும், பைல் பழுதாகாம வந்திருக்கா எண்டு பாக்க,

வெரிபை /எம்டி5 பிளாஷ்:இமேஜ்பெயர்

வாற நம்பர சிஸ்கோ டவுன்லோட் பக்கத்தில உள்ளதோட ஒப்பிடுங்க. கூட்டாளி பென்ல தந்த இமேஜ் எண்டா இத செய்யாம விடவே வேணாம். சரியா இருந்தா கொன்பிக் மோட்ல (கொன்பிகர் டெர்மினல் அடிச்சா வாறது) பூட் சிஸ்டம் பிளாஷ்:/இமேஜ்பெயர், பிறகு சேவ், பிறகு ஷோ பூட் அடிச்சு பெயர எழுத்தெழுத்தா பாருங்க. ரீலோட் அடிச்சா சிஸ்ட் லைட் மினுங்கிக்கொண்டு கிடக்கும், சில நிமிசம் போகும், பயந்து வயர இழுக்காதீங்க.

பிளாஷ்ல இமேஜே இல்லாம போனா "சுவிட்ச்:" எண்டு மட்டும் வந்து நிக்கும். அப்ப கொன்சோல் கேபிள் வழியா பைல் அனுப்புற பழைய முறை, எக்ஸ்மொடெம்லதான் ஏத்தணும். 9600ல 10 எம்பி பைலுக்கு கிட்டத்தட்ட மூணு மணித்தியாலம், முதல்ல பவுட் ஸ்பீட (கொன்சோல் ஸ்பீட) 115200க்கு கூட்டிக்கங்க.

திருப்பிப் போடுறது

இதில ஒரு குழி இருக்கு. டிஎப்டிபில இருந்து ரன்னிங் கொன்பிக்குக்கு கொப்பி பண்ணினா பழையது அழியாது, ரெண்டும் கலந்துதான் நிக்கும். சுத்தமா பழைய நிலைக்கு வரணும் எண்டா ஸ்டார்ட்அப் கொன்பிக்குக்கு கொப்பி பண்ணி, விலேன்.டேட்ட பிளாஷ்க்கு போட்டு, ரீலோட் அடிங்க. அப்ப "கொன்பிக் மாறியிருக்கு, சேவ் பண்ணவா" எண்டு கேட்டா நோ எண்டு அடிங்க. பழக்கதோசத்தில யெஸ் அடிச்சீங்க எண்டா இப்ப போட்ட பெக்கப்புக்கு மேல பிழையான கொன்பிக்கே திரும்ப எழுதுப்பட்டிரும், நான் ஒருக்கா கல்முனையில ராவு ஒம்பது மணிக்கு அப்பிடி அடிச்சிட்டு கடைசி பஸ்ஸையும் விட்டுட்டு இருந்தன்.