பெயரை நீக்கிய பிறகும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் தவறுகள்

ஆய்வுக்காகவோ தணிக்கைக்காகவோ தனிநபர் விவரங்களை வெளியே கொடுக்க நேரும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் அரசுத் துறைகளும் முதலில் செய்வது, அட்டவணையில் பெயர் உள்ள பத்தியை அழிப்பதுதான். அத்துடன் வேலை முடிந்தது என்று கருதுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு.

1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள், பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. ஆனால் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் அப்படியே இருந்தன. அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி, அதிலும் இருந்த அதே மூன்று விவரங்களை ஒப்பிட்டு, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே அடையாளம் கண்டுவிட்டார். ஆகவே பிறந்த தேதிக்குப் பதிலாக ஐந்தாண்டு வயதுப் பிரிவையும், முழுப் பின்கோடுக்குப் பதிலாக அதன் முதல் மூன்று இலக்கங்களையும் கொடுப்பது நல்லது.

கைபேசி எண்ணை ஹாஷ் செய்துவிட்டால், அதாவது ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடை தரும் கணக்கீட்டால் புரியாத எழுத்துச் சரமாக மாற்றிவிட்டால், யாராலும் மீட்க முடியாது என்ற நம்பிக்கை கணினித் துறையினரிடையேகூட இருக்கிறது. ஹாஷைப் பின்னோக்கித் திருப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. இந்தியக் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்குவதால், இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடிதான். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு அத்தனைக்கும் சில நிமிடங்களில் ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிட்டுவிடும். 2014இல் வெளியான நியூயார்க் டாக்சிப் பயணப் பதிவுகளில் வண்டி உரிம எண்கள் எம்டி5 என்ற ஹாஷ் முறையில் மறைக்கப்பட்டிருந்தன. ஒரு பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அவற்றை மீட்டெடுத்தார். ஒவ்வொருவருக்கும் தற்செயலான ஓர் எண்ணை ஒதுக்கி, எந்த எண் யாருடையது என்ற அட்டவணையை வேறிடத்தில் பூட்டி வைப்பதே பாதுகாப்பானது.

எக்செல் கோப்பில் பத்தியை 'ஹைட்' செய்து அனுப்புவதும், பிடிஎஃபில் பெயரின் மேல் கறுப்புப் பட்டை போடுவதும் மறைப்பதே ஆகாது. அந்தப் பட்டையோடு சேர்த்து வரியைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பெயர் அப்படியே வந்து விழும்.

தனிப் பதிவுகளை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் வெளியிடுபவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு கிராமத்தில் ஒரே ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட நோய் இருப்பதால் அந்தக் கட்டத்தில் '5க்கும் குறைவு' என்று எழுதுவார்கள். ஆனால் அதே அட்டவணையில் வட்டத்தின் மொத்தமும் மற்ற கிராமங்களின் எண்ணிக்கையும் இருக்கும். மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் மறைத்த எண் வெளியே வந்துவிடும், ஊராருக்கு அந்த ஒருவர் யாரென்று ஊகிப்பதும் கடினமல்ல. எனவே ஒரு கட்டத்தை மறைத்தால் இன்னொன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். அல்லது அமெரிக்கா 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செய்ததுபோல, வெளியிடும் எண்களில் கணக்கிட்ட அளவில் சிறு மாற்றங்களைச் சேர்க்கலாம்.