பிள்ளைக்கு ஆவணி என்று பெயர் வைக்க நினைக்கிறவர்களுக்கு

கார்த்திகா, சித்திரா, விசாகன் என்று மாதத்தோடும் நட்சத்திரத்தோடும் ஒட்டின பெயர்கள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒன்று இருக்கும். ஆனால் மாதத்தின் பெயரையே அப்படியே வைத்துக்கொண்ட ஆவணி என்ற பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பெயர். மூன்றே எழுத்து, கிரந்தம் இல்லை, அம்மம்மாவின் வாய்க்கும் வரும், கனடாவில் பிறந்து தமிழ் தட்டுத்தடுமாறிப் பேசுகிற மச்சாளின் வாய்க்கும் வரும். வைக்கப் போகிறீர்கள் என்றால் சந்தோசம், ஆனால் சில விசயங்களைப் பார்த்து வையுங்கள்.

முதலில், எந்த ஆவணி என்று வீட்டில் முடிவெடுங்கள். நாங்கள் ஆங்கில மாதங்களுக்கும் தமிழ்ப் பெயரைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம்: ஜனவரி தை, பெப்ரவரி மாசி, ஆகஸ்ட் ஆவணி, செப்ரெம்பர் புரட்டாதி. ஆகஸ்ட் 15 மடு மாதாவின் திருவிழாவை ஆவணித் திருவிழா என்றுதான் எல்லாரும் சொல்கிறோம், ஆனால் பஞ்சாங்கத்தைத் திறந்தால் அன்றைக்கு இன்னும் ஆடி முடியவில்லை. பஞ்சாங்கத்து ஆவணி என்பது சூரியன் சிங்க ராசிக்குள் போகிற நேரத்தில் தொடங்குவது, ஏறக்குறைய ஆகஸ்ட் 17 முதல் செப்ரெம்பர் 16 வரை. ஆகவே ஆகஸ்ட் 5 பிறந்த பிள்ளை வாய்வழக்கில் ஆவணிப் பிள்ளை, சாதகத்தில் ஆடிப் பிள்ளை. இரண்டில் எதை எடுத்தாலும் குற்றமில்லை. ஆனால் அப்பப்பா ஒன்றை நினைத்துக்கொண்டு, அம்மம்மா இன்னொன்றை நினைத்துக்கொண்டு, பெயர் வைத்த பிறகு "இது ஆடியில பிறந்த பிள்ளையெல்லோ" என்று யாராவது கேட்கும்போது முழிக்கக் கூடாது, அதற்குத்தான் சொல்கிறேன். ஆடியைத் தவிர்க்கவே ஆவணி என்று வைக்கிறவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் ஆடியில் ஒரு குறையும் இல்லை, கூழும் கொழுக்கட்டையுமாகப் பிறக்கிற மாதம் அது.

மாதம் மாறுகிற நாளில் பிறந்த பிள்ளை என்றால் இன்னும் கவனம். எங்கள் ஊரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் புழக்கத்தில் இருக்கிறது. மாதப் பிறப்பு நேரம் இரண்டிலும் ஒன்றாக இராது, சில வருடங்களில் நாளே முன்பின் ஆகும். உங்கள் குடும்பம் காலங்காலமாக எதைப் பார்க்கிறதோ அதையே பாருங்கள். ஒன்றில் மாதத்தையும் மற்றதில் நட்சத்திரத்தையும் எடுத்தால் பின்னுக்குச் சாதகப் பொருத்தம் பார்க்கிற காலத்தில்தான் தலையிடி.

சரி, அர்த்தம். மாதப் பெயர்கள் பெரும்பாலும் பௌர்ணமியோடு கூடி வருகிற நட்சத்திரத்திலிருந்து வந்தவை. திருவோணத்தை வடமொழியில் சிரவணம் என்பார்கள், அதிலிருந்து சிராவணம், அது தமிழில் தேய்ந்து ஆவணி. தெலுங்குக்காரர் பிள்ளைகளுக்கு ஸ்ராவணி என்று ஆசையாக வைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒரே வேர். குஜராத்தில் பால்குனி என்று பெயருள்ளவர்கள் எங்கள் பங்குனிக்குச் சொந்தக்காரர். பழந்தமிழ் பருவக் கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஆண்டே சிங்க ஓரையில், அதாவது ஆவணியில்தான் தொடங்குகிறது என்கிறார். மலையாளத்தில் இன்றைக்கும் இதே மாதம்தான், சிங்ஙம் என்ற பெயரில், வருடத்தின் முதல் மாதம். "ஆவணி என்றால் என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு "ஒரு மாதத்தின் பெயர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், இவ்வளவும் அதற்குள் கிடக்கிறது.

எங்கள் மண்ணில் ஆவணிக்குத் தனி முகம் உண்டு. கார்காலம் என்று ஏட்டில் இருந்தாலும் இங்கே மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆவணியில் சோளகம் அடிக்கும், புழுதி பறக்கும், பனங்காணிக்குள் பழம் தொப்பென்று விழும், அதைச் சுட்டுப் பிசைந்து களியெடுத்துப் பணியாரம் சுடுகிற வாசம் ஒரு வீட்டிலிருந்து நாலு வீட்டுக்குப் போகும். நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா தீர்த்தத்தோடு நிறைகிறது ஆவணி அமாவாசையில். ஆவணிச் சதுர்த்தி பிள்ளையாருக்கு, ஆவணி ஞாயிறு விரதம் சூரியனுக்கு, ஆவணி மூலம் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலுக்கு. பிட்டில்லாமல் ஒரு நாள் போகாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட என்ன கதை வேண்டும்? பிள்ளை நாலைந்து வயதில் "எனக்கேன் இந்தப் பேர்" என்று கேட்கும். அப்போது சொல்வதற்கு இதையெல்லாம் ஒரு கொப்பியில் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

அடுத்தது, பெயர் எவ்வளவு பிரபலம் என்று இணையத்தில் தேடிப் பார்ப்பது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் வந்து கொட்டுவது பெரும்பாலும் அவனி. அது பூமி என்று பொருள்படும் வேறு பெயர். அ குறில், ன இரண்டுசுழி. வட இந்தியாவில் நன்றாகப் பரவின பெயர், பரா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற துப்பாக்கி சுடும் வீராங்கனை அவனி லேகராவின் பெயரும் அதுதான். அமெரிக்க அரசு 1880 தொடக்கம் குழந்தைப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கிறது, ஒரு வருடத்தில் 5 பிள்ளைகளுக்காவது வைத்த பெயர்தான் அதில் வரும். இங்கிலாந்துப் பட்டியலில் 3 பிள்ளைகள் போதும். இரண்டுமே எழுத்துக்கூட்டலைத்தான் எண்ணுகின்றன, உச்சரிப்பை அல்ல. ஆகவே அங்கே தெரிகிற எண்ணிக்கையில் எத்தனை பூமி, எத்தனை மாதம் என்று பிரிக்க முடியாது. அதைப் பார்த்துவிட்டு "ஐயோ, எல்லாரும் வைத்துவிட்டார்கள்" என்று பெயரைக் கைவிட வேண்டாம். உங்கள் சொந்தத்துக்குள், பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குள், கோயில் உபயகாரர் வீடுகளுக்குள் எத்தனை ஆவணி என்று விசாரியுங்கள். பிள்ளை வாழப்போவது அந்தக் கூட்டத்துக்குள்தானே.

நட்சத்திர எழுத்துப் பார்க்கிற குடும்பம் என்றால் ஒரு சிக்கல் உண்டு, முன்னமே தெரிந்துகொள்ளுங்கள். அ, ஆ வருவது கார்த்திகை நட்சத்திரத்தின் முதலாம் பாதத்துக்கு. ஆவணி மாதத்தில் கார்த்திகை ஒருதரம், மிஞ்சினால் இரண்டுதரம் வரும், அதில் முதலாம் பாதம் ஏறக்குறைய 6 மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் பிள்ளை பிறந்தால் அதிர்ஷ்டம், இல்லையென்றால் எழுத்துப் பொருந்தாது. அதற்காக முன்னுக்கு ஒரு எழுத்தை ஒட்டி ரியாவணி, தியாவணி என்று ஆக்காதீர்கள், பெயர் செத்துவிடும். சாத்திரியார் சொன்ன எழுத்தில் ஒரு பெயரைத் துடக்குக் கழிவன்று காதில் சொல்லிவிட்டு, பதிவுக்கு ஆவணியைக் கொடுங்கள். பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. எண் சாத்திரத்துக்காக ஆங்கில எழுத்தைக் கூட்டிக் குறைக்கிறதும் அப்படித்தான், ஒரு எல்லைக்கு மேல் போனால் வெள்ளைக்காரன் என்ன, எங்கட பிள்ளைகளே வாசிக்க முடியாமல் போய்விடும்.

பெயரை முடிவெடுக்க முன் படலையடியில் நின்று சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள்: "ஆவணி, இஞ்ச வாங்கோ". நன்றாக இருக்கும், ஏனென்றால் முதலெழுத்து நெடில், தூரத்துக்குக் கேட்கும். ஆனால் எங்கள் ஆட்கள் எந்தப் பெயரையும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள், இரண்டெழுத்தில் வெட்டுவார்கள். இதை வெட்டினால் ஆவி. பள்ளிக்கூடத்தில் அது பிள்ளைக்கு நல்லதில்லை. ஆகவே தொடக்கத்திலேயே வீட்டுப் பெயராக வணி என்றோ வேறு ஏதாவது செல்லப் பெயரோ பழக்கிவிடுங்கள், வீட்டில் எது நிலைக்கிறதோ அதுதான் வெளியிலும் போகும். கொஞ்சம் நீளமாக வேண்டுமென்றால் ஆவணிமதி, ஆவணிநிலா இரண்டும் அழகு. ஆண் பிள்ளைக்கு ஆவணியன் என்று சிலர் யோசிக்கிறார்கள், எனக்கு அது காதில் ஒட்டவில்லை. மற்ற மாதங்களில் மார்கழி பெண் பிள்ளைக்குப் பொருந்தும், திருவெம்பாவைக் காலத்தின் குளிர் அதில் இருக்கிறது. ஆனி என்று வைத்தால் வெளிநாட்டில் ஆன் என்ற கிறிஸ்தவப் பெயரோடு கலந்துவிடும். ஐப்பசி, புரட்டாசி எல்லாம் பெயராக நிற்காது.

கடைசியாகப் பதிவு. இலங்கையில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும், 3 மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று வேறு அலைச்சல். 31ஆம் நாள் துடக்குக் கழிவில்தான் பெயர் வைப்போம் என்று இருந்தால் மிச்சம் 11 நாள்தான், அதற்குள் சனி ஞாயிறும் போயா விடுமுறையும் வந்துவிடும். ஆகவே எழுத்துக்கூட்டலை முன்னமே ஒரு தாளில் தெளிவாக எழுதி, பதிவாளரிடம் போகிற ஆளின் கையில் கொடுத்துவிடுங்கள், வாயால் சொல்லி விடாதீர்கள். தமிழில் ஆ நெடில், ண மூன்றுசுழி. ஆங்கிலத்தில் முதலில் ஏ இரண்டு போடுங்கள், ஒன்று போட்டால் கடவுச்சீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் பிள்ளை அவனி ஆகிவிடும். சிங்களத்தில் எழுதுவதென்றால் அந்த மொழியிலும் நெடில் ஆவும் ணகரமும் இருக்கிறது, அதையே போடச் சொல்லிக் கேளுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, தகப்பன் பெயர் முதல் பிள்ளையின் பெயர் வரை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். பிறகு திருத்தவும் வழி இருக்கிறதுதான், ஆனால் விண்ணப்பம், ஆதாரம், பிரதேச செயலகம் என்று கைக்குழந்தையோடு அலைய வேண்டி வரும்.