6 வோல்ட் காரை 12க்கு மாற்றுமுன் காயிலை அளந்து பாருங்கள்

வில்லிஸ் ஜீப், பழைய பீட்டில், ஐம்பதுகளின் தொடக்கத்து செவ்ரலே என்று எந்த 6 வோல்ட் வண்டியானாலும், 12 வோல்ட் பேட்டரியைக் கடைசியாக வையுங்கள். முதலில் பார்க்க வேண்டியது இக்னிஷன் காயில்.

பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சுவிட்ச்), கண்டென்சர், ரோட்டார், கேப், பிளக் நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே வைத்துக்கொள்ளலாம். பாயிண்ட் இடைவெளியும் பழைய அளவேதான். பாயிண்டைக் கெடுப்பது வோல்ட் அல்ல, அதன் வழியே ஓடும் ஆம்பியர். 6 வோல்ட் காயிலின் பிரைமரி (பேட்டரி கரண்ட் ஓடும் சுருள்) சுமார் 1.5 ஓம். ஓடும் வண்டியில் 7 வோல்ட் கிடைத்தால் 5 ஆம்பியருக்குள் முடிந்துவிடும். அதே காயிலுக்கு 14 வோல்ட் போனால் 9 ஆம்பியரைத் தாண்டும். பாயிண்ட் கருகும், காயில் கொதித்து உள்ளிருக்கும் எண்ணெய் கசியும்.

பெங்களூரு ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் "12 வோல்ட் காயில்" என்று மட்டும் கேட்காதீர்கள். 3 ஓம் காயிலுக்கும் அந்தப் பெயர்தான், பாலஸ்ட்டோடு (கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர்) மட்டுமே போட வேண்டிய 1.5 ஓம் காயிலுக்கும் அந்தப் பெயர்தான். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டு போங்கள். 200 ஓமில் வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். 0.3 காட்டினால் அதை ஞாபகம் வைத்து, பிறகு காயிலின் இரண்டு சிறிய டெர்மினல்களுக்கு நடுவே வரும் அளவிலிருந்து கழியுங்கள். 3 ஓம் வந்தால் நேராக மாட்டலாம். 1.5 வந்தால் 1.5 ஓம் பாலஸ்ட் கட்டாயம். ஸ்டார்ட் செய்யும்போது பாலஸ்ட்டைத் தாண்டி முழு வோல்ட் கொடுக்கும் டெர்மினல் உங்கள் ஸ்டார்ட்டர் சொலினாய்டில் (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) இல்லையென்றால் பாலஸ்ட்டால் பெரிய லாபமில்லை. 3 ஓம் காயிலே வாங்குங்கள். பாலஸ்ட் போட்டால் கை வைக்க முடியாத அளவு சுடும், பெட்ரோல் குழாயிலிருந்து தள்ளி வெறும் தகட்டில் பொருத்துங்கள்.

நெகட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் மைனஸ் பாடியோடு இணைந்தது) காயிலின் பிளஸ் சாவிக்கு, மைனஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு. அந்தக்கால ஃபோர்டு, பிளைமவுத் பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டர் போட்டு எர்த்தை மாற்றினால் காயில் வயர்களையும் அம்மீட்டர் வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். மறந்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் ஸ்பார்க் பலவீனமாகும், லோடில் மிஸ் அடிக்கும்.

டைனமோவும் ரெகுலேட்டரும் 12 வோல்ட்டுக்கு மாறாவிட்டால் பேட்டரி சார்ஜ் ஏறாது. பல்பு, ஹாரன், ஃப்ளாஷர் எல்லாமே மாற வேண்டும். பெட்ரோல் கேஜுக்கும் வைப்பர் மோட்டாருக்கும் வோல்டேஜ் ரெட்யூசர் போதும். 6 வோல்ட் ஸ்டார்ட்டர் தாங்கும், ஆனால் ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள். பீட்டிலில் 12 வோல்ட் ஸ்டார்ட்டர் நேராகப் பொருந்தாது: பழைய ஃப்ளைவீலில் 109 பல், 12 வோல்ட் வண்டியுடையதில் 130. ஆட்டோ சோக் இருந்தால் அதன் எலிமென்ட்டையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் சோக் சீக்கிரம் திறந்துகொள்ளும், பெங்களூரு டிசம்பர் காலையில் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நிற்கும்.

எல்லாம் மாட்டியபின் பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, காயில் பிளஸ்ஸில் வோல்ட் பாருங்கள். 3 ஓம் காயிலில் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சாவி சுவிட்சின் காண்டாக்டோ வயர் இணைப்போ கெட்டிருக்கிறது. பாலஸ்ட் வண்டியில் 6, 7 வோல்ட் வந்தால் சரி. அளந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள், எஞ்சின் ஓடாமல் அப்படியே விட்டால் காயில் வெந்துபோகும்.

500 கி.மீ. ஓடியதும் பாயிண்டைத் திறந்து பாருங்கள். சாம்பல் நிறம் நல்லது. ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். நீலம் பாய்ந்திருந்தால் ஆம்பியர் அதிகம். காயிலைக் கழற்றி மறுபடி ஓம் அளந்து பாருங்கள்.