வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு ஆன்லைன் பிரெஞ்சு: ஃபீஸ் கணக்குப் பார்ப்பது எப்படி?

ஹோம் ஸ்கூலிங் பிள்ளைக்கு ஆன்லைனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க ஆள் தேட ஆரம்பித்தால் போதும், அன்று சாயங்காலத்துக்குள் போன் முழுக்க விளம்பரம் வந்துவிடும், எல்லாவற்றிலும் ‘சிறு குழு’ என்றுதான் போட்டிருக்கும். அதில் ஒருவருக்குச் சிறு குழு என்றால் நான்கு பிள்ளைகள், இன்னொருவருக்குப் பன்னிரண்டு. அதனால் மாத ஃபீஸை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், வகுப்பு எத்தனை நிமிடம், மாதத்துக்கு எத்தனை வகுப்பு என்று மூன்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘அதிகபட்சம்’ என்பதை அழுத்திக் கேட்க வேண்டும். இப்போதைக்கு மூன்று பேர்தான் என்பார்கள், அடுத்த மாதம் பார்த்தால் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் பிள்ளை வாய் திறந்து பேசுகிற நிமிடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பாருங்கள். ஒரு இடத்தில் மாதம் 2,400 ரூபாய், எட்டு வகுப்பு, 45 நிமிடம், பத்துப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு இடத்தில் 3,600 ரூபாய், அதே எட்டு வகுப்பு, ஒரு மணி நேரம், நான்கு பிள்ளைகள். பாதி நேரம் ஆசிரியர் பேசிவிடுவார், மீதியைப் பிள்ளைகள் பங்குபோட வேண்டும். முதல் இடத்தில் உங்கள் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டே கால் நிமிடம், இரண்டாவதில் ஏழரை நிமிடம். வகுப்புக்கு 300 ரூபாய் கொடுத்து இரண்டே கால் நிமிடம் என்றால் நிமிடத்துக்கு 133 ரூபாய், 450 கொடுத்து ஏழரை நிமிடம் என்றால் 60 ரூபாய். மலிவு என்று நாம் நினைத்ததுதான் இரண்டு மடங்குக்கு மேல் விலை.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை அநேகமாக யாரும் போடுவதில்லை. பிரெஞ்சில் ஏ1 என்கிற முதல் படியை முடிக்கப் பொதுவாக 60 முதல் 100 மணி நேரம் வகுப்பு வேண்டும் என்பார்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடலாம். நடுவில் 80 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 45 நிமிட வகுப்பில் 80 மணி நேரம் முடிய பதின்மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், மொத்தம் 32,000 ரூபாய். ஒரு மணி நேர வகுப்பில் பத்தே மாதம், 36,000 ரூபாய். மாதத்துக்கு 1,200 ரூபாய் அதிகமாகத் தெரிந்தது கடைசியில் 4,000 ரூபாய் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது, அதுவும் மூன்று மாதம் முன்னாலேயே முடிகிறது. இந்தத் தொகைகளை நான் கணக்குக்காகப் போட்டேன், உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையைப் போட்டுப் பாருங்கள்.

நிறுவனம் நடத்தும் வகுப்பென்றால் சொல்லும் ஃபீஸுக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டா, உள்ளேயே அடக்கமா என்று கேளுங்கள். தனி ஆசிரியர் என்றால், ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அவர் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. பிரான்சில் இருக்கும் ஆசிரியர் வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள், தப்பில்லை. ஆனால் யூரோவில் கட்டும்போது கார்டு கம்பெனி தனியாக ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும், அதற்கும் ஜிஎஸ்டி உண்டு. நேரத்தையும் பாருங்கள். அங்கே காலை ஒன்பது மணி என்றால் கோடையில் நமக்கு மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது உங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரமும் சேர்ந்து மாறும். என்னைக் கேட்டால், முதல் படிக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரிந்த நம் ஊர் ஆசிரியரே போதும்.

பேரம் பேச நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம்தான் வருவார்கள், அதனால் நாலு மணிக்கு மேல் ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, காலை பத்து, பதினொன்றுக்குச் சும்மா இருப்பார்கள். நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் வீட்டில்தானே இருக்கிறார்கள், காலை வகுப்புக்குக் குறைத்துக்கொள்வீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரே சிக்கல் கரண்ட். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்கு நிறுத்தினால் மதியம் இரண்டுக்குத்தான் விடுவார்கள். பேப்பரில் முதல் நாளே வந்துவிடும், அன்றைக்கு வகுப்பை மாற்றித் தருவாரா என்பதையும் சேரும்போதே பேசிவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீடென்றால் ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குவது நல்லது.

இதைவிட மலிவான வழி, நாமே குழு சேர்ப்பது. நம் திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையில் ஒரு வீடு, அம்பையில் ஒரு வீடு, வள்ளியூரில் இரண்டு வீடு என்று நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் போதும். ஆன்லைன்தானே, ஒரே தெருவாக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர் மணிக்கு 1,200 கேட்டால் ஆளுக்கு 300. ஆனால் இது ஷேர் ஆட்டோ கணக்கு, ஒருவர் பாதியில் இறங்கினால் மற்ற மூவருக்கும் 400 ஆகிவிடும், அங்கேதான் மனஸ்தாபம் வரும். மூன்று மாத ஃபீஸை எல்லோரும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும், நின்றால் திருப்பிக் கேட்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தில் போட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களாக இருந்தால் கட்டாயம் போடுங்கள். வயதும் முக்கியம். அண்ணன் தம்பி இருவரையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தால் தள்ளுபடி கிடைக்கும்தான், ஆனால் ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் ஒன்றாக இருந்தால் சின்னவன் திருதிருவென்று முழிப்பான், பெரியவன் கொட்டாவி விடுவான்.

விடுமுறை விதியைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத குடும்பம் நம் பக்கம் ஏது? அந்த வகுப்புகள் போனது போனதுதானா, ஈடு வகுப்பு உண்டா, ரெக்கார்டிங்கை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்களா? பேசிப் பழக வேண்டிய பாடத்துக்கு ரெக்கார்டிங் ஈடாகாது. ‘இன்றைக்கே கட்டினால் பாதி விலை’ என்று ஒரு வருட ஃபீஸை ஈஎம்ஐயில் போடச் சொன்னால் இன்னும் உஷாராக இருங்கள். அது பல இடங்களில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன், பிள்ளை வகுப்பை நிறுத்தினாலும் தவணை தானாக நிற்காது.

டெமோ வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதோடு, பிள்ளை எத்தனை முறை பேசினான் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். தப்பாக உச்சரித்ததை ஆசிரியர் நிறுத்தித் திருத்தினாரா, அல்லது ‘சூப்பர்’ என்று சொல்லிக் கடந்துவிட்டாரா? டெமோ எடுத்தவரே தொடர்ந்து எடுப்பாரா என்றும் கேளுங்கள், பல இடங்களில் நல்லவர் டெமோவோடு மறைந்துவிடுவார்.

புத்தகத்துக்கு அதிகம் ஆகாது, பிரான்சில் அச்சானதை வாங்காமல் இந்தியப் பதிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். மைக் உள்ள ஹெட்செட் ஒன்று வேண்டும். வகுப்பில்லாத நாட்களுக்கு டிவி5மோந்த் என்கிற பிரெஞ்சு டிவி சேனலின் இணையதளத்தில் படி வாரியாகப் பயிற்சிகள் இலவசமாகவே இருக்கின்றன, அதற்காகத் தனி ஆப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கடைசியாகத் தேர்வுச் செலவு. டெல்ஃப் என்பது பிரான்ஸ் அரசு தரும் பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்; 7 முதல் 12 வயது வரை அதில் டெல்ஃப் பிரிம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதற்கு மேல் டெல்ஃப் ஜூனியர். நூற்றுக்கு 50 எடுக்க வேண்டும், கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றிலும் 25க்குக் குறைந்தது 5 வர வேண்டும், சான்றிதழ் காலாவதியாகாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது அவசரமில்லை, பள்ளி ரிப்போர்ட் கார்டு இல்லாத பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கையில் ஒரு தாள் இருப்பது நல்லது. தேர்வை நேரில் போய்த்தான் எழுத வேண்டும், ஆகவே தேர்வுக் கட்டணத்தோடு இரண்டு பேருக்கு டிக்கெட்டும் தங்கும் செலவும் சேரும். தேர்வு நடத்தும் இடம் என்றால் எல்லோரும் சென்னையில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சு மொழி மையத்தைத்தான் நினைப்பார்கள், திருவனந்தபுரத்திலும் ஒன்று இருக்கிறது, நாகர்கோவில் வழியாகப் போனால் நமக்கு அதுதான் பக்கம். சிறுவர் தேர்வு அங்கே எந்த மாதம் நடக்கிறது, பதிவு எப்போது முடிகிறது என்று முதலில் போன் போட்டுக் கேட்டுவிட்டு, அப்புறம் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று யோசியுங்கள்.