ஆர்எக்ஸ் 100: பிக்கப் ஏற்றப் போய் எஞ்சினைக் கெடுக்கும் தவறுகள்

யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, 50 மி.மீ. போர் (சிலிண்டரின் அகலம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்), ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் நாக்கு) வைத்த டூ ஸ்ட்ரோக், நாலு கியர், 11 குதிரைத்திறன். நூறு கிலோவை ஒட்டிய வண்டிக்கு இது தாராளம். இன்று கைக்கு வரும் ஆர்எக்ஸ் பழையபடி பாயவில்லை என்றால், பெரும்பாலும் எஞ்சின் சோர்ந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் நேராக போர்ட்டிங்குக்கு (சிலிண்டரில் கலவையும் புகையும் போகும் போர்ட் என்ற துளைகளை அரத்தால் பெரிதாக்கும் வேலை) கொடுப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்.

முதலில் கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவை அடைக்கும் ரப்பர் வளையம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் (சிலிண்டருக்குக் கீழே கிராங்க் சுற்றும் அறை) வழியாகத்தான் மேலே போகிறது. மேக்னட் (கரண்ட் தரும் காந்தச் சக்கரம்) பக்கத்து சீல் காய்ந்து போனால் வெளிக்காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐட்லிங் இறங்காமல் தொங்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். இதைச் சோதிக்க பெரிய கருவி வேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்கும் பல்பும் டயலும் போதும். எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் ஷீட் வைத்து அடையுங்கள். ப்ளக் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கார்புரேட்டரைக் கழற்றி, அது மாட்டியிருந்த ரப்பர் குழாயில் டியூப் செருகிய கார்க்கை இறுக்கி, பிஸ்டனைக் கீழே இறக்கி, டயல் 300 காட்டும்வரை அமுக்குங்கள். நிமிடத்துக்கு 50க்கு மேல் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரை தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். இந்தக் கசிவோடு கூடுதல் சக்தி எடுத்தால் பிஸ்டன் ஜாம் ஆவது நிச்சயம்.

கிளட்சையும் பாருங்கள். மூன்றாவது கியரில் முழுதாக முறுக்கும்போது சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. கார் எஞ்சின் ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். அதில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் உண்டு.

இவை சரியென்றால், அடுத்து கை வைக்க வேண்டியது ஸ்ப்ராக்கெட்டில். முன்னே 14 பல் இருந்தால் 13 போடுங்கள். இழுவை ஏறக்குறைய எட்டு சதவீதம் கூடும்; அதே அளவு டாப் ஸ்பீடு குறையும். பின்னால் மூன்று பல் கூட்டினாலும் ஏறத்தாழ இதே பலன்தான். பிடிக்கவில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் பழையதை மாட்டிக்கொள்ளலாம். பழைய செயினிலேயே புது ஸ்ப்ராக்கெட் போடாதீர்கள், பல் சீக்கிரம் கொக்கியாக வளைந்துவிடும்.

மீட்க முடியாத சேதம் நடப்பது போர்ட்டிங்கில். எக்ஸாஸ்ட் போர்ட்டின் கூரையை உயர்த்தினால் வண்டி பறக்கும் என்று அரத்தை எடுத்துவிடுகிறார்கள். இந்த எஞ்சினில் கூரையை 1 மி.மீ. உயர்த்தினால், போர்ட் திறந்திருக்கும் நேரம் மொத்தம் நாலரை டிகிரி அளவுக்குக் கூடும். 3 மி.மீ. உயர்த்தினால் பதின்மூன்று டிகிரிக்கு மேல். போர்ட் தாமதமாக மூடுவதால் கலவை நசுங்கும் தூரம் குறைகிறது, கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு) எஞ்சின் தொளதொளக்கிறது. சக்தி முழுக்க மேலே போய் ஒரு சின்ன இடைவெளிக்குள் அடைபடும். ரேஸ் டிராக்கில் ஆறு கியர் இருந்தால் அந்த இடைவெளிக்குள்ளேயே ஓட்டலாம். இது நாலு கியர் வண்டி. ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் ஆர்பிஎம் பெரிதாக விழுந்து அந்த இடைவெளிக்குக் கீழே போய்விடும். சிக்னல் பிக்கப் தேடிப் போனவர் கடைசியில் அதையே இழப்பார்.

தெருவில் ஓட்டும் வண்டிக்குக் கூரையைத் தொடாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிளாக்கின் (சிலிண்டர் வார்ப்பு) போர்ட்டும் கிராங்க் கேஸின் வாயும் கேஸ்கெட்டும் ஒரே கோட்டில் பொருந்துகிறதா என்று பார்த்து, துருத்தும் விளிம்பை மட்டும் சீவுங்கள். வார்ப்பின் முண்டு முடிச்சுகளை எடுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட்டை அகலப்படுத்தியே ஆக வேண்டுமென்றால் போர் அளவில் 62 முதல் 65 சதவீதத்தோடு நிறுத்துங்கள்; 50 மி.மீ. போருக்கு 31, 32 மி.மீ. அதைத் தாண்டினால் பிஸ்டன் ரிங் போர்ட்டுக்குள் பிதுங்கி விளிம்பில் மாட்டி உடையும். வெட்டிய விளிம்பைக் கூராக விடுவதும் அதே வேலையைச் செய்யும். கடைசியில் பொடி எமரியால் விளிம்பை மழுக்கி, விரலால் தடவிப் பாருங்கள். நகம் எங்கும் தட்டக் கூடாது. ரிங்கின் வாயை நகராமல் பிடிக்கும் ஊசி எந்தப் போர்ட்டுக்கு நேராகவும் வரக் கூடாது.

சைலன்சரின் உள்குழாயைக் கழற்றி எறிவது அடுத்த தவறு. டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. வெளியே ஓடும் புதுக் கலவையை அதன் கூம்புகளில் பட்டுத் திரும்பும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உள்ளே இருப்பதைக் கலைத்தால் சத்தம் கூடும், நடு ஆர்பிஎம் செத்துவிடும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (இந்த அலைக்காகவே கூம்புகளாகச் செய்த ரேஸ் சைலன்சர்) போடுவதானால், உங்கள் பிளாக்கின் போர்ட் அளவுக்குக் கணக்குப் பார்த்துச் செய்ததாக இருக்க வேண்டும். ஆர்எக்ஸ் 135 ரேஸ் வண்டிக்கு அடித்த சேம்பர் இதற்குச் சேராது.

ஹெட்டை (சிலிண்டரின் மூடி) லேத்தில் சீவுவது நல்ல பலன் தரும் வேலைதான், ஆனால் கண்ணளவில் செய்யக் கூடாது. 1 மி.மீ. சீவினால் ஏறக்குறைய 2 சிசி இடம் போய்விடும். நூறு சிசி எஞ்சினில் அது பெரிய அளவு. சீவும் முன்னும் சீவிய பின்னும் ஸ்குவிஷ் இடைவெளியை (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே மிஞ்சும் இடம்) அளந்து பாருங்கள். 2 மி.மீ. சால்டர் ஈயத்தை இரண்டு துண்டாக வெட்டி, பிஸ்டன் பின் (பிஸ்டனின் குறுக்கே போகும் தண்டு) இருக்கும் வாக்கில், பிஸ்டன் விளிம்பின் இரு பக்கமும் கிரீஸ் வைத்து ஒட்டுங்கள். ஹெட்டை முழு டார்க்கில் (இறுக்க அளவு) இறுக்கி, கையால் ஒருமுறை சுற்றிக் கழற்றினால், நசுங்கிய ஈயத்தின் நுனி இடைவெளியைச் சொல்லும். 1.0 முதல் 1.2 மி.மீ. நல்லது. 0.8க்குக் கீழே இறக்காதீர்கள். தேய்ந்த பேரிங்கில் பிஸ்டன் ஹெட்டைத் தட்டும். அளவுக்கு மீறி அழுத்தம் ஏற்றினால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) வரும். ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மினுமினுக்கும் பொடிப்புள்ளிகள் தெரிந்தால் அது உருகித் தெறித்த பிஸ்டன் அலுமினியம். ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் விளிம்பு எலி கரம்பியதுபோல் இருக்கும்.

கார்புரேட்டரில் 'பெரிசு போடு' என்ற ஆசை. 20 மி.மீ. மைக்குனி கார்புரேட்டரை எடுத்துவிட்டு 26 போட்டால் துளையின் பரப்பு 69 சதவீதம் கூடும். காற்றின் வேகம் அதற்கேற்ப இறங்கும். மெதுவாகப் போகையில் சட்டென்று முறுக்கினால் ஜெட்டிலிருந்து (பெட்ரோல் வரும் சிறு துளை) பெட்ரோல் ஏறாமல் வண்டி திணறும். சேம்பரும் ஹெட்டும் மட்டும் மாற்றிய எஞ்சினுக்கு 22 போதும், மிஞ்சினால் 24.

எதை மாற்றினாலும் மெயின் ஜெட்டைப் பெரிய பக்கத்திலிருந்து தொடங்கிக் குறைத்து வாருங்கள். சின்னதிலிருந்து ஏற்றிச் சோதிப்பவர் பாதி வழியில் பிஸ்டனைக் கொடுத்துவிடுவார். புது ப்ளக் போட்டு, ஆளில்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் முழுதாக முறுக்கிச் சில விநாடி ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கானின் அடிப்பகுதி பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ஜெட் பெரிதாக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் எத்தனால் 20 சதவீதப் பெட்ரோலுக்கும் ஜெட் ஒரு படி கூடுதலாகவே கேட்கும்.

ஆயில் பம்ப்பைக் கழற்றி டேங்கில் ஆயில் கலப்பவர்கள் பம்ப் குழாய் வந்த துளையை அடைக்க மறக்கிறார்கள். அந்தத் துளையும் காற்றை உறிஞ்சும். லிட்டருக்கு 30 மி.லி. போதும். பாதுகாப்புக்கு என்று 60 ஊற்றினால், ஜெட் வழியே போகும் திரவத்தில் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை இன்னும் வறண்டுபோகும். இப்படிக் கலந்து ஓட்டும் வண்டியை மலை இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை முழுதாக மூடியே இறக்காதீர்கள். பெட்ரோல் போகவில்லை என்றால் ஆயிலும் போகவில்லை. அவ்வப்போது கொஞ்சம் முறுக்கி விடுங்கள்.

பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை அனுமதியின்றி மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி குற்றம்; 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. சேம்பரும் பெரிய பிளாக்கும் டிராக் வண்டிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜப்பான் முத்திரை உள்ள பழைய பிளாக்கில் அரத்தை வைக்காதீர்கள். அது இனி வார்க்கப்படப் போவதில்லை. போர்ட்டிங் பழக, பழைய சாமான் கடையில் ஏற்கெனவே போர் போன பிளாக் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் அசல் பிளாக்கையும் ஹெட்டையும் ஆயில் தடவி, துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.