குட்டைப் பேரல் துப்பாக்கி: வாங்கும் முன் நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

"குட்டைப் பேரலுக்கு வரியை எடுத்துட்டாங்களாமே அண்ணா, இப்ப வாங்கிடலாமா?" இந்த வருடம் பிறந்ததிலிருந்து என் காதில் அதிகம் விழும் கேள்வி இதுதான். டெக்சாஸில் வார இறுதிகளில் ஒரு துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பாதுகாப்பு மேற்பார்வைக்கு நிற்கிறேன். தமிழ் முகம் என்பதால் டல்லாஸ் பக்கத்து நம்மவர்கள் கடைக்காரரை விட்டுவிட்டு என்னிடம்தான் வருகிறார்கள். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள். குண்டு இருக்கிறதா என்று பார், ட்ரிகரில் விரல் வைக்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் இந்தக் கட்டுரை வரை வந்திருக்கவே கூடாது.

முதலில் எது குட்டை என்பது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழாய், 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைந்த ஷாட்கன், இவற்றிலிருந்து செய்து மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கீழே போன ஆயுதம், எல்லாம் 1934ஆம் ஆண்டு தேசிய துப்பாக்கிச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்ட வரைவில் முதலில் கைத்துப்பாக்கியும் இருந்தது. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் ஆட்கள் ரைஃபிளை அறுத்துக் கோட்டுக்குள் மறைப்பார்கள் என்றுதான் குட்டைப் பேரலையும் சேர்த்தார்கள். கடைசியில் கைத்துப்பாக்கி வெளியே போய்விட்டது, குட்டைப் பேரல் மட்டும் உள்ளே தங்கிவிட்டது. இதில் என்ன நியாயம் என்று ரேஞ்சில் காபி குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசலாம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் நீதிமன்றத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

விசாவை மறந்துவிடுவது

ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவருக்குத் துப்பாக்கியும் தோட்டாவும் வாங்கவும் வைத்திருக்கவும் மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. "அம்பது டாலர்ல லைசன்ஸ் எடுத்துட்டா போதும்னு ஃப்ரெண்டு சொன்னான்" என்று வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குட்டைப் பேரல் பக்கமே வராதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்கள் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றம் ஒன்று நிரூபணமானால், குடியுரிமை இல்லாதவரை நாடு கடத்த அதுவே தனிக் காரணம். கிரீன் கார்டும் காப்பாற்றாது. உள்ளூர் அமெரிக்கருக்கு வக்கீல் செலவோடு முடியக்கூடிய விஷயம், நமக்கு விமான டிக்கெட்டில் போய் முடியலாம்.

வரி போனது, பதிவு போகவில்லை

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இந்த ஒரு தவறைப் பார்த்தால்தான்.

1934 முதல் இந்த வகைத் துப்பாக்கியைச் செய்யவோ கைமாற்றவோ 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. அன்று அது பெரும் பணம், யாரும் வாங்கக் கூடாது என்றே வைத்த தொகை. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன், சப்ரஸர் (சத்தத்தைக் குறைக்க முனையில் மாட்டுவது) ஆகியவற்றுக்கு அந்த வரி பூஜ்யம். மெஷின்கன்னுக்கு 200 அப்படியே இருக்கிறது. மாறியது அவ்வளவுதான். விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.இன் ஒப்புதல், பதிவேட்டில் பெயர் எல்லாம் பழையபடியே. கடையிலிருந்து வாங்கினால் ஃபார்ம் 4, கையில் இருப்பதை நாமே குட்டையாக்கினால் ஃபார்ம் 1. ஒப்புதல் வரும் வரை தொடக்கூடாது.

டெக்சாஸ்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. 2025 செப்டம்பர் 1 முதல் மாநிலச் சட்டம் தன் தடைப் பட்டியலிலிருந்து குட்டைப் பேரலை நீக்கிவிட்டது. "ஸ்டேட்டும் எடுத்துட்டான், சென்ட்ரலும் வரியை எடுத்துட்டான், அப்புறம் என்ன?" என்று வாட்ஸப்பில் ஒருவர் எழுதினார். கீழே பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

ஃப்ரிஸ்கோவில் ஒரு தம்பி வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை டிபனுக்குப் போயிருந்தேன். கோயம்புத்தூர்ப் பையன், கெட்டிக்காரன். சாப்பாட்டு மேசையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டி. உள்ளே 10.5 அங்குலப் பேரலுடன் ஓர் ஏ.ஆர்.-15 ரைஃபிளின் அப்பர், அதாவது பேரல் இருக்கும் மேல் பாதி. தனி அப்பரை மத்தியச் சட்டம் துப்பாக்கியாகவே கணக்கில் எடுப்பதில்லை, அதனால் ஆன்லைனில் ஆர்டர் செய்தால் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பக்கத்திலேயே அவனுடைய ரைஃபிள் லோயர், அதாவது ட்ரிகர் இருக்கும் கீழ்ப் பாதி, தோள்கட்டை மாட்டியபடி.

"ஃபார்ம் 1 போட்டுட்டியா?"

"இல்லண்ணா, இந்த வாரம் போடணும். சும்மா எப்படி இருக்குன்னு மாட்டிப் பாத்தேன். ரெண்டே ரெண்டு பின்தான், தட்டினா சேந்துடுது. உடனே கழட்டிட்டேன்."

போனில் படமும் காட்டினான். மாட்டிய நிலையில், தேதியோடு. குரூப்பிலும் போட்டிருந்தான்.

அந்த இரண்டு பின்னையும் தட்டிய நிமிடத்தில் சட்டத்தின் கணக்கில் அவன் ஒரு குட்டை ரைஃபிளைத் தயாரித்துவிட்டான், பதிவில்லாமல். தண்டனை 10 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். கழற்றினால் தயாரித்தது இல்லையென்று ஆகாது. "ஜீரோ டாலர்தானே, யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டான். குற்றம் வரியில் இல்லை தம்பி, பதிவில்லாமல் செய்ததிலும் வைத்திருந்ததிலும் இருக்கிறது என்றேன். முகம் வெளுத்துவிட்டது. அவனும் கிரீன் கார்டுதான்.

சேர்க்காமல் தனித்தனியாக வைத்திருந்தால் தப்பில்லை என்பது அடுத்த கட்டுக்கதை. 1992இல் தாம்சன் சென்டர் என்ற துப்பாக்கி நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர்கள் ஒரு பிஸ்டலோடு தோள்கட்டையும் 21 அங்குலப் பேரலும் சேர்த்துப் பெட்டியாக விற்றார்கள். அந்தப் பாகங்களை வைத்துச் சட்டபூர்வமான நீள ரைஃபிளும் செய்யலாம், சட்டவிரோதக் குட்டை ரைஃபிளும் செய்யலாம். சட்டபூர்வமான வழி ஒன்று இருந்ததால்தான் நிறுவனம் தப்பியது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் குட்டை அப்பரைப் பொருத்த, தோள்கட்டை உள்ள ரைஃபிள் லோயரைத் தவிர வேறெதுவும் இல்லையென்றால், அந்த அப்பர் அங்கே எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வரிசை மாறக்கூடாது. முதலில் விண்ணப்பம், பிறகு ஒப்புதல், கடைசியாகத்தான் அப்பர். தள்ளுபடி விலை போய்விடும் என்று பயமாக இருந்தால் பணத்தைக் கட்டிவிட்டுக் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பல கடைகள் வைத்துக்கொள்வார்கள். ஒப்புதல் வந்ததும் அதன் நகல் ஒன்று துப்பாக்கிப் பையிலேயே இருக்கட்டும். போலீஸ் நிறுத்தினால் அவர்கள் பார்க்கப் போகிற காகிதம் அதுதான்.

தப்பாக அளப்பது

பேரலை வெளியிலிருந்து டேப் வைத்து அளப்பார்கள். முறை அதுவல்ல. துப்பாக்கி காலியாக இருக்க, பேரலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை மூடி, பேரலின் வாய் வழியாக ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகத்தில் முட்டும் வரை விட்டு, வாய் விளிம்பில் குறித்து, வெளியே எடுத்து அந்த நீளத்தை அளக்க வேண்டும். தோட்டா உட்காரும் சேம்பரும் பேரல் நீளத்தில் சேரும். முனையில் திருகி மாட்டிய ஃப்ளாஷ் ஹைடர் (நெருப்பு வெளிச்சத்தைக் குறைப்பது) சேராது. அது நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருந்தால் மட்டுமே சேரும்: முழுதாக வெல்டிங் செய்தோ, 1,100 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும் வெள்ளிப் பற்றாசு வைத்தோ, பின் அடித்து அதன் தலையை வெல்டிங்கில் மூடியோ. 14.5 அங்குலப் பேரலை 16 ஆக்கி விற்பது இந்த வழியில்தான். லாக்டைட் என்ற திருகுப் பசையால் ஒட்டினால் நிரந்தரம் ஆகாது. போன மாதம்கூட ஒருவர் லாக்டைட்டோடு வந்தார்.

பெட்டிச் சாவி மனைவியிடம்

சாதாரண ரைஃபிளில் இது பிரச்சினையே இல்லை. பதிவு செய்த குட்டை ரைஃபிளில் பிரச்சினை. உங்கள் பெயரில் மட்டும் பதிந்துவிட்டு, ஒரு மாதம் ஊருக்குப் போகும்போது பெட்டியின் எண்ணை மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனால், பதிவில் இல்லாத ஒருவர் கையில் அந்த ஆயுதம் இருக்கிறது. இதற்காகத்தான் தன் பெயரில் பதியாமல், டிரஸ்ட் என்ற சட்ட அமைப்பை உருவாக்கி அதன் பெயரில் பதிகிறார்கள். இருவரையும் பொறுப்பாளர்களாக அதில் சேர்க்கலாம். 2016 முதல் டிரஸ்டில் உள்ள ஒவ்வொரு பொறுப்பாளரும் கைரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும், அது கொஞ்சம் அலுப்பு. "அவளுக்கு இதெல்லாம் பிடிக்காதுண்ணா" என்பவர்கள் டிரஸ்டை விடுங்கள், பெட்டியின் எண்ணை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ராஜெக்ட் மாறினால்?

ஐ.டி.யில் இருப்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. பதிவு செய்த குட்டை ரைஃபிளையோ ஷாட்கன்னையோ மாநில எல்லை தாண்டி எடுத்துப் போக முன்கூட்டியே ஏ.டி.எஃப். அனுமதி வேண்டும், 5320.20 என்ற படிவம். ஓக்லஹோமாவில் வார இறுதி வேட்டைக்குப் போனாலும் வேண்டும். சப்ரஸருக்கு வேண்டாம். இது படிவத்தோடு முடிகிற விஷயம். ஆனால் வேலை நியூ ஜெர்சியின் எடிசனுக்கோ கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டுக்கோ மாறினால்? நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, நியூ யார்க் மாநிலங்களில் சாதாரண ஆளுக்கு இது கூடவே கூடாது. மத்தியப் பதிவு கையில் இருந்தாலும் அங்கே செல்லாது. விற்றுவிட்டுப் போகலாம் என்றால் வாங்குபவருக்கும் அதே விண்ணப்பம், அதே காத்திருப்பு. ரைஃபிள் என்றால் ஒரு வழி இருக்கிறது: 16 அங்குல அப்பரை மாட்டி, குட்டை அப்பரை விற்றுவிட்டு, பதிவை நீக்கச் சொல்லி ஏ.டி.எஃப்.க்கு எழுதிப்போடலாம். அப்போதும் ஏ.ஆர். வகையையே தடுக்கும் மாநிலமாக இருந்தால் வேறு தலைவலி. ரெண்டு வருடத்தில் எங்கே இருப்போம் என்று தெரியாதவர்கள் வாங்காமல் இருப்பதே மேல்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா?

முடியாது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவில், உரிமம் இல்லாமல் பேரலைக் குட்டையாக்குவதே தனிக் குற்றம்.

ஷாக்வேவில் தோள்கட்டை

மாஸ்பெர்க் நிறுவனம் தோள்கட்டை இல்லாமல் விற்கும் ஷாக்வேவ் துப்பாக்கியின் பேரல் 14 அங்குலம்தான். தோளில் வைத்துச் சுடுவதற்கு என்று செய்யப்படாததாலும், மொத்த நீளம் 26ஐத் தாண்டுவதாலும் மத்தியச் சட்டத்தில் அது ஷாட்கன் ஆகாது. தோள்கட்டை மாட்டினால் பதிவில்லாத குட்டை ஷாட்கன் ஆகிவிடும். மாட்டாதீர்கள்.

பிரேஸ்

பிஸ்டலின் பின்னால் மாட்டி முன்கையில் கட்டிக்கொள்ளும் தாங்கிதான் பிரேஸ். அது மாட்டிய பிஸ்டல்கள் பலவற்றைக் குட்டை ரைஃபிளாகக் கணக்கிட 2023இல் ஏ.டி.எஃப். கொண்டுவந்த விதியை 2024இல் டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய யூடியூப் வீடியோ பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

குட்டையானால் எல்லாம் லாபம் என்று நினைப்பது

ஏ.ஆர்.-15இல் வழக்கமாகப் போடும் 5.56 தோட்டா வேகத்தை நம்பிப் பிறந்தது. 20 அங்குலப் பேரலில் வழக்கமான 55 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3,200 அடி வேகத்தில் போகும். 10.5 அங்குலத்தில் அது 2,700ஐ ஒட்டி இறங்கிவிடும். பேரலுக்குள் எரியாமல் மிஞ்சிய வெடிமருந்து வெளியே வந்து எரிகிறது. அதுதான் அந்தப் பெரிய நெருப்புப் பந்தும் நெஞ்சில் அறைகிற அதிர்வும். 140 டெசிபலைத் தாண்டிய ஒற்றை வெடியே காதைக் கெடுக்கலாம் என்பார்கள். நீளப் பேரலிலேயே 5.56 அதை எளிதாகத் தாண்டும், குட்டையில் இன்னும் மோசம். "வீட்டுப் பாதுகாப்புக்கு" என்று வாங்குகிறவர்களிடம் சப்ரஸர் உண்டா என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் இல்லை. மூடிய அறையில், நள்ளிரவில், காதில் எதுவும் மாட்டாமல் அதைச் சுட்டால் அடுத்து போலீஸ் என்ன சொல்கிறது என்றே உங்களுக்குக் கேட்காது.

குட்டைதான் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த .300 ப்ளாக்அவுட் பக்கம் போங்கள். ஏறக்குறைய 9 அங்குலத்திலேயே மருந்தை எரித்து முடித்துவிடும் தோட்டா அது. பிஸ்டல் தோட்டா சுடும் 9 மி.மீ. கார்பைனும் (சிறிய ரைஃபிள்) குட்டையில் பெரிதாக எதையும் இழப்பதில்லை. காட்டுப் பன்றி வேட்டைக்கு 10.5 அங்குல 5.56 எடுத்துப் போய்க் காயத்தோடு ஓடவிட்டவர்களை எனக்குத் தெரியும். அது எனக்குப் பிடிக்காத காட்சி.

16 அங்குலத்தைச் சுட்டே பார்க்காமல் வாங்குவது

ரேஞ்சில் இரண்டையும் வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில், ஒரே இலக்கில் சுட்டுப் பாருங்கள். நீளம்தான் உங்களை உறுத்துகிறது, காகித வேலையும் வேண்டாம் என்றால், இயங்கும் பாகங்களை ட்ரிகருக்குப் பின்னால் வைத்து மொத்த நீளத்தைக் குறைக்கும் புல்பப் வகை இருக்கிறது. அதில் ஒன்றான டேவர் எக்ஸ்-95இல் பேரல் 16.5 அங்குலம், மொத்த நீளம் 26ஐச் சற்றே தாண்டும். 10.5 அங்குல ஏ.ஆர்.-இல் தோள்கட்டையை உள்ளே தள்ளினாலும் கிட்டத்தட்ட அதே நீளம்தான் வரும். டெக்சாஸில் அதைச் சாதாரண ரைஃபிள் வாங்குவது போல அன்றைக்கே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ட்ரிகர் மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கும்.